கையொப்பம் வைக்கும் முன் கடைசிப் பக்கத்தையும் வாசியுங்கள்

எழுவைதீவிலிருந்து எமது காரியாலயத்துக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் எமது பழைய அங்கத்தவர் ஒருவரின் மகள், அங்கே வாழ்க்கைப்பட்டவர். கொழும்பில் வேலை பார்த்த அவருடைய கணவரை நிறுவனம் நிறுத்திவிட்டது. “வழக்குப் போட முடியாது. பிணக்கு வந்தால் நடுத்தீர்ப்புக்குத்தான் போக வேண்டும் என்று நீங்களே கையொப்பம் வைத்திருக்கிறீர்கள்” என்று சொல்லி அனுப்பினார்களாம். ஊர்காவற்றுறைக்கு வருவதற்கே படகு பார்த்திருக்கும் நாங்கள், கொழும்பில் நடுத்தீர்ப்பாளருக்குக் கட்டணம் கட்டுவது எப்படி என்று அவர் கேட்கிறார்.

இது தீவோடு நிற்கும் கேள்வி அல்ல. நாளை எமது லயத்துக்கும் வரும்.

நடுத்தீர்ப்பு என்பது மத்தியஸ்த சபை அல்ல. மத்தியஸ்த சபை சமாதானம் பேசும். நடுத்தீர்ப்பாளர் தீர்ப்பே சொல்வார். 1995ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நடுத்தீர்ப்புச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி, அப்படியொரு உடன்படிக்கை இருக்கும்போது ஒரு தரப்பு நீதிமன்றம் போனால், மறுதரப்பு ஆட்சேபித்த உடனே அந்த வழக்கை விசாரிக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு இல்லாமற் போகிறது.

ஆனால் தொழிலாளிக்கு வேறொரு கதவு உண்டு. கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின் 31ஆ பிரிவு, சேவை ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் தொழில் நியாய சபை நிவாரணம் வழங்கலாம் என்கிறது. அதையொத்த பிணக்கு இச்சட்டத்தின் கீழ் வேறு விசாரணையில் இருந்தால் சபை தன் விசாரணையை நிறுத்திவைக்கும். அது முடிந்ததும் மீண்டும் தொடங்கும். எனவே அந்தச் சகோதரிக்கு எங்கள் பதில்: பயப்பட வேண்டாம். வேலை நீக்கிய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனுப் போடுங்கள். நடுத்தீர்ப்புப் பேச்சில் அந்த ஆறு மாதத்தைக் கரைத்துவிடாதீர்கள்.

எங்கள் கவலை வேறு இடத்தில் இருக்கிறது. அந்தக் கதவு ‘தொழிலாளி’க்கு மட்டுமே திறக்கும். 2021இல் சம்பள நிர்ணய சபை 1,000 ரூபா நாட்சம்பளத்தைத் தீர்மானித்ததை அடுத்து கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்தை விட்டு விலகின. மலையைப் பிரித்துக் கொடுத்து, கொழுந்தை நிறுவைக்கு வாங்கும் ‘அவுட்குரோவர்’ முறையையும் அவை முன்வைக்கின்றன. அதில் கையொப்பம் வைப்பவரை நிர்வாகம் தொழிலாளி என்று சொல்லாது, ஒப்பந்தக்காரர் என்றே சொல்லும். அந்தத் தாளில் நடுத்தீர்ப்புப் பந்தியும் இருந்தால் நியாய சபையும் இல்லை, நீதிமன்றமும் இல்லை என்று வாதாட வழி பிறக்கும்.

கனடாவில் இதுவே நடந்தது. ஊபர் நிறுவனத்துக்காக உணவு கொண்டு சென்ற சாரதி டேவிட் ஹெல்லர், தங்களைத் தொழிலாளிகளாக ஏற்க வேண்டும் என்று வழக்குத் தொடுத்தார். வழக்கை நிறுத்திவைத்து நெதர்லாந்தில் நடுத்தீர்ப்புக்கு அனுப்புமாறு நிறுவனம் கேட்டது. அதைத் தொடங்கவே சுமார் 14,500 அமெரிக்க டொலர் கட்ட வேண்டும். அவருடைய வார வருமானமோ 400 முதல் 600 கனேடிய டொலர். அந்தப் பந்தி அநீதியானது, செல்லாது என்று 2020 ஜூனில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் அதற்கு ஒருவர் உச்ச நீதிமன்றம் வரை ஏற வேண்டியிருந்தது.

நாங்கள் நடுத்தீர்ப்புக்கு எதிரிகள் அல்ல. கைத்தொழில் பிணக்குகள் சட்டத்திலேயே அதற்கு இடமுண்டு. பிணக்கு வந்த பிறகு, சங்கம் பக்கத்தில் நிற்க, இரு தரப்பும் சம்மதித்துப் போவது ஒரு வழி. வேலை கிடைத்தால் போதும் என்று நிற்பவரிடம், பிணக்கே இல்லாத நாளில் வாங்கும் கையொப்பம் சம்மதம் ஆகாது.

தோழர்களே, தாய்மார்களே! எந்தத் தாள் நீட்டப்பட்டாலும் தமிழில் பிரதி கேளுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோய் வாசியுங்கள். பிணக்கு பற்றிய பந்தி எங்கே என்று தேடுங்கள். தோட்டக் கமிட்டித் தலைவரிடம் காட்டாமல் பேனாவைத் தொடாதீர்கள். வெளியூரில் வேலைக்குப் போன பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லுங்கள்.