பழைய காருக்குப் போட்டோ: எவ்வளவு கொடுக்கலாம்?

தாத்தா ஓட்டிய கார் வீட்டில் இருக்கிறது. அம்பாசடர், பியட் அல்லது சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு. பழுது பார்த்து, வர்ணம் பூசியாகிவிட்டது. நல்ல ஸ்டூடியோவில் படம் எடுக்க ஆசை.

போட்டோக்காரர் தொகையைச் சொல்கிறார். கேட்டவருக்குத் தலை சுற்றுகிறது!

அந்தத் தொகை நியாயமா?

இந்தக் கேள்விக்கு இப்போது அவசியம் வந்திருக்கிறது. பழைய வண்டிகளுக்கு என்று மத்திய அரசு 2021 ஜூலையில் தனி விதி கொண்டுவந்தது. 50 வயதைத் தாண்டி, உருமாறாமல் இருக்கும் வண்டியைத் தனியாகப் பதியலாம். கட்டணம் ரூ.20,000. பத்து ஆண்டு செல்லும். நம்பரில் 'வி.ஏ.' என்ற எழுத்து இருக்கும். 1970-களின் தொடக்கத்தில் வந்த கார்கள் எல்லாம் இப்போது இந்த வயதுக்கு வந்துவிட்டன. அம்பாசடர் தயாரிப்போ 2014-லேயே நின்றுவிட்டது. விற்பதானாலும் சரி, பேரப்பிள்ளைகளுக்காக வைப்பதானாலும் சரி, நல்ல படம் தேவைப்படுகிறது.

கார் ஒரு கண்ணாடி

மனிதரைப் படம் பிடிப்பது போல அல்ல இது. காரின் வர்ணம் கண்ணாடி மாதிரி. எதிரே நிற்பதெல்லாம் அதில் தெரியும். விளக்கு தெரியும், கதவு தெரியும், போட்டோக்காரரின் சட்டைகூடத் தெரியும்!

அதனால் காருக்கு மேலே பெரிய வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டுகிறார்கள். விளக்கை அந்தத் துணியில் பாய்ச்சுகிறார்கள். அந்த ஒளிதான் காரின் மேல் வழுவழுப்பாக விழுகிறது. இதற்குக் கார் நுழையும் அளவுக்குக் கூடம் வேண்டும். மூலை தெரியாமல் வளைத்துக் கட்டிய வெள்ளைச் சுவர் வேண்டும். காரைத் தள்ள ஆள் வேண்டும். பிறகு கம்ப்யூட்டரில் தூசியையும் கீறலையும் நீக்க வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது உதாரணம்தான், ஊருக்கு ஊர் மாறும்.

கூடத்தின் வாடகை ரூ.8,000. விளக்கு வாடகை ரூ.4,000. உதவி ஆட்கள் இருவருக்கு ரூ.2,000. போட்டோக்காரருக்கு எடுக்க ஒரு நாள், திருத்த இரண்டு நாள். நாளுக்கு ரூ.3,000 வீதம் ரூ.9,000. கேமரா தேய்மானம் ரூ.2,000. மொத்தம் ரூ.25,000. அவர் ஜி.எஸ்.டி. பதிவு பெற்றவர் என்றால் 18 சதவீத வரி, ரூ.4,500 சேரும்.

பத்துப் படத்துக்கு இந்தக் கணக்கு. "ஐந்து படம் போதும், பாதி கொடுக்கிறேன்" என்றால் கட்டாது. திருத்தும் வேலையில் ஒரு நாள்தான் மிச்சம். ரூ.3,000 குறையும், அவ்வளவே.

குறைக்க வேறு வழி உண்டு. இரண்டு கார்க்காரர்கள் சேர்ந்து ஒரே நாளில் கூடத்தைப் பிடித்தால், கூடம், விளக்கு, ஆள் செலவு பாதியாகும். ஆளுக்கு ரூ.7,000 மிச்சம்.

மலைக்குப் போகலாமா?

"கூடமே வேண்டாம், ஜவ்வாது மலைக்குப் போவோம்" என்று சொல்பவர்கள் உண்டு. யோசனை நல்லதுதான். வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது இந்த மலை. சூரியன் மறைந்த சில நிமிடங்களுக்கு ஜமுனாமரத்தூர்ப் பக்கத்து வானமே பெரிய வெள்ளைத் துணியாகிவிடும். வாடகை கிடையாது!

இரவு இன்னும் விசேஷம். இங்கே இருட்டு நல்ல இருட்டு. காவலூரில் வானாராய்ச்சி நிலையம் அமைந்ததற்கு அதுவும் ஒரு காரணம். 1988-ல் அங்கே ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து, கணித மேதை ராமானுஜன் பெயரை வைத்தார்கள். அந்தப் பக்கம் விளக்கைப் பாய்ச்சிப் படம் எடுக்கப் போகாதீர்கள். விஞ்ஞானிகளின் வேலை கெடும்.

ஆனால் ஒரு சிக்கல். 'வி.ஏ.' நம்பர் வண்டியை நினைத்தபோது ரோட்டில் ஓட்ட முடியாது. கண்காட்சி, அணிவகுப்பு, தொழில்நுட்ப ஆராய்ச்சி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது போன்றவற்றுக்குத்தான் அனுமதி. மலையில் படம் எடுப்பது அந்தப் பட்டியலில் இல்லை. லாரியில் ஏற்றித்தான் போக வேண்டும். லாரி வாடகை கூட வாடகையை விழுங்கிவிடும். சாதாரண நம்பர் உள்ள பழைய கார் என்றால் ஓட்டிப் போகலாம். மலை வளைவுகளில் பிரேக் சூடேறும், ரேடியேட்டர் கொதிக்கும். மெக்கானிக்கிடம் காட்டாமல் கிளம்பக்கூடாது.

படம் யாருக்குச் சொந்தம்?

பலர் இதைக் கேட்பதே இல்லை. 1957-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, பணம் கொடுத்து எடுக்கச் சொன்னவருக்கே படத்தின் உரிமை. வேறு ஒப்பந்தம் இருந்தால்தான் மாறும்.

"இதைக் காலண்டருக்கும் விற்றுக்கொள்கிறேன்" என்று போட்டோக்காரர் கேட்கலாம். தப்பில்லை. ஆனால் முழுக் கூலியும் வாங்கிக்கொண்டு உரிமையையும் கேட்பது எந்த ஊர் நியாயம்? கூலியைக் குறைக்கச் சொல்லுங்கள். எத்தனை படம், எந்தத் தேதிக்குள், யாருக்கு உரிமை என்பதை ஒரு தாளில் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்ட பிறகு முன்பணம் கொடுங்கள்.