எதிர்ப்பொருளை எந்த அளவுகோலால் அளக்கிறோம்?

தடுப்பூசி போட்டபின் இரத்தத்தில் எதிர்ப்பொருள் எவ்வளவு பெருகியது என்று சொல்லும் எண் ஆய்வுக்கட்டுரையின் அட்டவணையோடு நின்றுவிடுவதில்லை. தடுப்பூசிக்கு உரிமம் பெற்றுத்தருவதும், அரசின் திட்டத்தில் அதற்கு இடம் தேடித்தருவதும், எந்த வயதில் எத்தனை தவணை என்று முடிவு செய்வதும் அந்த எண்ணே. ஆயினும் அது எவ்வாறு பெறப்பட்டது என்ற செய்தி பல ஆய்வேடுகளில் 'செய்முறை' என்ற தலைப்பின்கீழ் இரண்டு வரிகளில் முடிந்துவிடுகிறது. பாக்டீரியாவின் சர்க்கரை உறையிலிருந்து செய்யப்படும் பாலிசாக்கரைடு தடுப்பூசிகளில் இந்தச் சுருக்கம் ஆபத்தானது.

இதை உணர்த்தக் கொல்கத்தாவின் அனுபவமே போதும். கிழக்குக் கொல்கத்தாவின் குடிசைப் பகுதிகளில் 2004ஆம் ஆண்டின் இறுதியில் டைஃபாய்டுக்கான விஐ பாலிசாக்கரைடு தடுப்பூசியின் பெரும் களப் பரிசோதனை தொடங்கியது. பேலியாகட்டாவின் தேசிய காலரா மற்றும் குடல்நோய் ஆய்வு நிறுவனமும், சியோலில் இயங்கும் பன்னாட்டுத் தடுப்பூசி நிறுவனமும் சேர்ந்து அதை நடத்தின. 80 தொகுதிகளில் 37,673 பேருக்கு விஐ தடுப்பூசியோ, ஒப்பீட்டுக்காக ஹெபடைடிஸ் ஏ தடுப்பூசியோ போடப்பட்டது. 2009இல் வெளியான முடிவின்படி விஐ தடுப்பூசியின் பாதுகாப்பு 61 விழுக்காடு. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் அது 80 விழுக்காடாக இருந்தது. அதே தடுப்பூசி கராச்சியில் பரிசோதிக்கப்பட்டபோது, அந்த வயதுக் குழந்தைகளிடம் பாதுகாப்பு தென்படவே இல்லை.

ஒரே ஊசி, இரண்டு நகரங்கள், எதிரெதிர் விடைகள். கொல்கத்தாவில் பெரியவர்களுக்கும் ஊசி போடப்பட்டதால் கிருமியின் புழக்கம் குறைந்து, சிறுவர்கள் மறைமுகமாகக் காக்கப்பட்டிருக்கலாம். கராச்சியில் குழந்தைகளுக்கு மட்டுமே போடப்பட்டது. அல்லது இரு நகரக் குழந்தைகளின் எதிர்ப்பொருள் துலங்கலே வேறுபட்டிருக்கலாம். எது எவ்வளவு என்று பிரித்தறிய இரு நகரங்களின் சீரமும் ஒரே அளவுகோலில் அளக்கப்பட வேண்டும். விஐ எதிர்ப்பொருளுக்கான முதல் பன்னாட்டு ஒப்பீட்டுச் சீரத்தை உலக சுகாதார நிறுவனம் ஏற்றது 2017இல்தான்.

இவ்வளவு தாமதம் ஏன் என்பதற்கு விடை அந்தச் சர்க்கரையின் வேதியியலில் இருக்கிறது. எலைசா முறையில் பெரும்பாலான புரதங்கள் பிளாஸ்டிக் தட்டில் தாமாகவே ஒட்டிக்கொள்கின்றன. எதிர்மின்னூட்டம் கொண்ட விஐ அப்படி எளிதில் ஒட்டுவதில்லை. அதைப் பிடித்துவைக்கச் சிலர் பாலிலைசீன் பூசுகின்றனர். சிலர் பயோட்டினை இணைக்கின்றனர். பிடித்துவைக்கும் முறை மாறினால் எதிர்ப்பொருளுக்குத் தென்படும் பகுதியும் மாறக்கூடும். சர்க்கரையின் அசிட்டைல் தொகுதிகள் உதிர்ந்துவிட்டால் எதிர்ப்பொருள் அதை அடையாளம் காண்பதும் குறையும். இரண்டு ஆய்வகங்கள் ஒரே சீரத்துக்கு இரு வேறு எண்கள் தருவது அவற்றின் கவனக்குறைவைக் காட்டுவதாகாது. அவை அளப்பது முற்றிலும் ஒரே பொருளை அல்ல.

நிமோகாக்கஸ் வரலாறும் இதே பாடத்தைச் சொல்கிறது. அந்தக் கிருமியின் எல்லா வகைகளுக்கும் பொதுவான 'சி' பாலிசாக்கரைடுக்கு எதிரான எதிர்ப்பொருள் பெரியவர்களின் இரத்தத்தில் முன்பே இருக்கிறது. அதை முதலில் உறிஞ்சி நீக்காவிட்டால் அளவு பொய்யாக உயர்ந்து தெரியும். அதை நீக்கிய பின்னும் பிழை மிஞ்சியதால், 22எஃப் வகையின் சர்க்கரையைக் கொண்டும் உறிஞ்சும் வழக்கம் வந்தது. பின்னர் மில்லிலிட்டருக்கு 0.35 மைக்ரோகிராம் என்ற எல்லை இணைப்புத் தடுப்பூசிகளுக்கு நிறுவப்பட்டது. அது வட கலிஃபோர்னியா, அமெரிக்காவின் நவஹோ பழங்குடியினர் பகுதி, தென்னாப்பிரிக்கா ஆகிய இடங்களின் பரிசோதனைகளைத் தொகுத்துப் பெற்ற எண். இந்தியக் குழந்தை ஒன்றுகூட அந்தக் கணக்கில் இல்லை.

எண்ணை நம்பியதால் கேடு எதுவும் விளையவில்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பாரத் பயோடெக்கின் டைஃபாய்டு இணைப்புத் தடுப்பூசி எதிர்ப்பொருள் தரவுகளைக் கொண்டு 2013இல் இந்தியாவில் உரிமம் பெற்றது. பின்னர் நேபாளத்திலும் மலாவியிலும் நடந்த களப் பரிசோதனைகள் ஏறத்தாழ 80 விழுக்காடு பாதுகாப்பைக் காட்டின. அங்கே எண் பொய்க்கவில்லை. ஆனால் அதன்பின் வரும் தடுப்பூசிகள் முன்னதோடு எதிர்ப்பொருள் அளவில் ஒப்பிடப்பட்டே பெரும்பாலும் ஏற்கப்படுகின்றன. சீரம் இன்ஸ்டிட்யூட்டின் நிமோகாக்கல் தடுப்பூசியும் காம்பியாவில் அவ்வாறே ஒப்பிடப்பட்டது. ஒவ்வொரு முறையும் களப் பரிசோதனை நடத்துவது இயலாத காரியம். அதனாலேயே அளவுகோலின் பொறுப்பு கூடுகிறது.

அளவு மட்டுமே போதுவதும் இல்லை. வெறும் பாலிசாக்கரைடு டி செல்களின் துணையை ஈர்ப்பதில்லை, நினைவாற்றலை விட்டுச்செல்வதில்லை, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் நன்கு வேலை செய்வதும் இல்லை. புரதத்தோடு இணைத்த ஊசி இக்குறைகளைப் பெரிதும் நீக்குகிறது. இரண்டும் ஒரே மைக்ரோகிராமைக் காட்டலாம்; அந்த எதிர்ப்பொருள்களின் பற்றுவலிமையும் கிருமியை அழிக்கும் திறனும் வேறாக இருக்கலாம். வெள்ளணுக்கள் கிருமியை விழுங்கிக் கொல்வதை நேரடியாகக் காணும் செயல்திறன் சோதனை கடினமானது, செலவு மிக்கது. ஆயினும் சில சீரங்களிலாவது அதைச் செய்து எலைசா எண்ணோடு பொருத்திக் காட்டுவது கட்டாயமாக வேண்டும்.

இந்தப் பணிக்கு ஜாதவ்பூரைவிடப் பொருத்தமான இடங்கள் நாட்டில் மிகச் சில. ராஜா சுபோத் சந்திர மல்லிக் சாலை ஒன்றிலேயே ஜாதவ்பூர்ப் பல்கலைக்கழகமும், இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகமும், இந்திய வேதி உயிரியல் நிறுவனமும் இருக்கின்றன. சர்க்கரையைப் பகுத்தறியும் வேதியியலாளரும், எதிர்ப்பொருளை அறிந்த உயிரியலாளரும் நடந்து போகும் தொலைவில் இருக்கிறார்கள். பேலியாகட்டா நிறுவனமும் அதே நகரில்தான் உள்ளது. இவை சேர்ந்து, ஒப்புதல் அளிக்கும் இந்தியத் தன்னார்வலரிடமிருந்து ஒப்பீட்டுச் சீரத் தொகுப்பொன்றை உருவாக்கலாம். அதைப் பன்னாட்டுச் சீரத்தோடு பொருத்தி அளவிட்டுப் பிற ஆய்வகங்களுக்கு வழங்கலாம். பெயர் மறைத்த மாதிரிகளை அனுப்பி ஆண்டுதோறும் முடிவுகளை ஒப்பிடலாம்.

இதில் புதிய கண்டுபிடிப்பு என்று பறைசாற்ற எதுவும் இராது. உயர்ந்த இதழில் கட்டுரை வருவதும் ஐயமே. நிதி ஒதுக்குவோர் தயங்குவதற்கும் மாணவர்கள் ஒதுங்குவதற்கும் அதுவே காரணம். உலகுக்கே தடுப்பூசி செய்து அனுப்பும் நாடு, அதன் பயனை அளக்கும் கோலைப் பிறரிடம் கடன் வாங்கிக்கொண்டிருப்பது பொருந்தாது. குறைந்தபட்சம் ஆய்வேட்டு நெறியாளர்கள் ஒன்றைத் தொடங்கலாம்: தட்டில் பூசியது என்ன, உறிஞ்சி நீக்கியது என்ன, ஒப்பிட்ட சீரம் எது என்ற மூன்று விடைகளும் இல்லாத எதிர்ப்பொருள் எண்ணை எந்த ஆய்வேட்டிலும் ஏற்காதிருக்கலாம்.