எட்டு கிலோமீட்டர் யாருக்கு?

மின்வாரியத்தில் ஹெல்பராகச் சேர்ந்து லைன் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவன் நான். கொட்டும் மழையில் கம்பம் ஏறியிருக்கிறேன். இன்றைக்குச் சென்னை நங்கநல்லூரில் என் வீட்டுக் குளியலறை வாசலைத் தாண்டுவதுதான் எனக்குப் பெரிய கண்டம். பார்க்கின்சன் நோய். நடுக்குவாதம் என்று சொன்னதும் எல்லோரும் என் கையைத்தான் பார்க்கிறார்கள். எனக்குக் கை அவ்வளவாக நடுங்காது, கால்தான் சிக்கல். நன்றாக நடந்துகொண்டே வருவேன். வாசற்படி பக்கத்திலோ, திரும்புகிற இடத்திலோ இரண்டு பாதமும் தரையோடு ஒட்டிக்கொள்ளும். உடம்பு முன்னே போகும், கால் வராது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மாடிப்படி என்னை ஒன்றும் செய்வதில்லை, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறிவிடுவேன். வழவழவென்று இருக்கும் டைல்ஸ் தரையில்தான் சிலையாக நிற்பேன். மூளையில் டோபமைன் குறைந்துபோனால், யோசிக்காமல் தானாக நடக்கிற நடை முதலில் கெட்டுப்போகிறதாம். கண்ணெதிரே ஒரு படியோ கோடோ இருந்தால் ‘அதைத் தாண்டு’ என்று மூளைக்கு ஒரு வேலை கிடைக்கிறது. வேறு வழியாகக் காலுக்குச் சேதி போய்விடுகிறது. இதைக் கேட்டுக்கொண்டு வந்த மருமகள், மஞ்சள் இன்சுலேஷன் டேப்பை வாங்கி, ஓர் அடி எடுத்து வைக்கும் தூரத்துக்கு ஒன்றாகக் குளியலறை வரை குறுக்கே ஒட்டிவிட்டாள். முப்பது வருஷம் நான் ஒயரில் சுற்றிய டேப்! இப்போது தாண்டித் தாண்டிப் போய் வருகிறேன். பக்கத்து வீட்டு மாமி வாசலில் கோலத்தைச் சுற்றிக் காவி இடுவார்கள். அந்தக் கோடும் காலைத் தூக்க வைக்கிறது. கோலத்தை மிதிக்கக் கூடாது என்று சின்ன வயதில் வாங்கிய திட்டும் சேர்ந்து வேலை செய்கிறதோ என்னவோ.

2010இல் நெதர்லாந்தைச் சேர்ந்த நரம்பியல் மருத்துவர் பாஸ்டியான் புளூம், சக மருத்துவர் ஒருவரோடு சேர்ந்து ஒரு நோயாளியைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். பத்து வருடமாகப் பார்க்கின்சன் உள்ள 58 வயதுக்காரர். ஆள் பிடித்தாலும் நாலு அடி நடக்க முடியாமல் விழுகிறவர், சைக்கிளைக் கொடுத்ததும் ஏறி மிதித்துப் போய், வளைந்து திரும்பியும் வந்தார். அந்த வீடியோவைப் பேத்தி எனக்குப் போட்டுக் காட்டினாள். நங்கநல்லூர் போக்குவரத்தில் நான் சைக்கிள் எடுக்கப் போவதில்லை என்று மனைவியிடம் சத்தியம் செய்து கொடுக்க வேண்டியதாயிற்று. ஆனால் அதில் விஷயம் இருக்கிறது. ‘இவரால் முடியாது’ என்று மொத்தமாக எழுதிவிடக் கூடாது. எது முடிகிறது, எப்படிக் கொடுத்தால் முடிகிறது என்று தேட வேண்டும்.

நம் வீடுகளில் அந்தத் தேடல் நடப்பதில்லை. பாசம் குறுக்கே வந்துவிடுகிறது. “உட்காருங்கப்பா, நான் எடுத்துத் தரேன்” என்பான் மகன். தண்ணீர் சொம்பு வரும், செய்தித்தாள் வரும், காபி டபரா கைக்கே வரும். விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் என்ன ஆகும் என்ற அவர்கள் பயம் பொய்யில்லை. ஆனால் உட்கார்ந்தே இருந்தால் தொடைச் சதை கரைகிறது, எழுந்திருக்க இன்னும் கஷ்டமாகிறது, விழுகிற வாய்ப்பு அதனாலேயே கூடுகிறது. கால் ஒட்டிக்கொண்டு நிற்பவரைக் கையைப் பிடித்து இழுப்பதும் அப்படித்தான். இழுத்தால் உடம்பு வரும், கால் வராது, ஆள் குப்புற விழுவார். பக்கத்தில் நின்று தாளம் போட்டால் போதும். எங்கள் பிசியோ தம்பி “ஒண்ணு, ரெண்டு” என்று எண்ணுவார். எனக்கு அது ஒத்துவரவில்லை; ‘தகதிமி’ சொல்லித்தான் கால் கிளம்புகிறது. மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் போட்டு, அது வேலை செய்கிற நேரமாகப் பார்த்து நடக்கிறேன்.

அமெரிக்காவின் ஓரிகனில் 195 பார்க்கின்சன் நோயாளிகளை வைத்து ஓர் ஆய்வு செய்து 2012இல் வெளியிட்டார்கள். வாரம் இரண்டு முறை, 24 வாரம் தாய்ச்சி என்ற சீன உடற்பயிற்சியைப் பழகியவர்களுக்கு, வெறுமனே கைகாலை நீட்டி மடக்கியவர்களைவிட நிலை தடுமாறாமல் நிற்கும் திறன் கூடியது, விழுவது குறைந்தது. 2020 நவம்பரில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட உடலியக்க வழிகாட்டியில்தான் முதன்முறையாக நாள்பட்ட நோயாளிகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தனியாகப் பரிந்துரைகள் வந்தன. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான இயக்கம். அவ்வளவு முடியாதவர்கள் முடிந்ததைச் செய்தாலும் பலன் உண்டு என்றது. 65 வயது தாண்டியவர்கள் வாரம் மூன்று நாளாவது நிலைதடுமாறாமல் நிற்கும் பயிற்சிகளைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னது.

இதைச் செய்ய இடம் எங்கே? 2023 நவம்பர் 4ஆம் தேதி ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தைப் பெசன்ட் நகரில் தொடங்கிவைத்தார்கள். தமிழ்நாட்டின் 38 மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைபாதை. நல்ல திட்டம், குறை சொல்லவில்லை. ஆனால் 8 கிலோமீட்டர் நடக்கிறவர் ஏற்கெனவே ஆரோக்கியமாக இருக்கிறவர். எங்கள் தெருவில் முழங்கால் தேய்ந்த டீச்சர் இருக்கிறார். பக்கவாதத்திலிருந்து மீண்டு கைத்தடியோடு நடக்கிறவர் இருக்கிறார். இளம்பிள்ளைவாதத்தில் கால் சூம்பிய தையல்காரர் இருக்கிறார். எங்களுக்கு வேண்டியது 200 மீட்டர். அதுவும் பெசன்ட் நகரில் இல்லை, வீட்டு வாசலிலிருந்து.

நங்கநல்லூரில் தடுக்கி விழுந்தால் கோயில் என்பார்கள். தடுக்கி விழ வேறு இடங்களும் ஏராளம். இந்திய சாலைக் காங்கிரஸின் 2012ஆம் ஆண்டு வழிகாட்டுதல்படி நடைபாதையில் தடையில்லாமல் 1.8 மீட்டர் அகலம் இருக்க வேண்டும், உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. எங்கள் பக்கத்தில் நடைபாதை இருக்கிற இடத்தில் முழங்காலுக்கு ஏறுகிறது. பத்தடிக்கு ஒருமுறை காரை ஏற்ற ஒரு சிமென்ட் சரிவு, அதை ஒட்டி பைக், அப்புறம் மின்வாரியத்தின் பில்லர் பாக்ஸ். பில்லர் பாக்ஸை எங்காவது வைத்துத்தான் ஆக வேண்டும். அந்த வேலை பார்த்தவன் நான், எனக்குத் தெரியாதா? சுவரை ஒட்டி வைத்தால் ஆள் போக வழி இருக்கும். நடுவில் வைத்தால் நான் சாலையில் இறங்க வேண்டும். இறங்கின இடத்தில் கால் ஒட்டிக்கொண்டால், பின்னால் வரும் ஆட்டோக்காரர் நான் குடித்திருப்பதாக நினைத்து ஹாரன் அடிக்கிறார்.

நங்கநல்லூர் சாலை மெட்ரோ நிலையத்தில் லிஃப்ட் உண்டு. பார்வையற்றோருக்காகத் தரையில் பதித்த மேடுகளும் உண்டு. நிலையம் வரை போய்ச் சேருவதற்குத்தான் ஒன்றும் இல்லை. 2014இலேயே மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென்று தனிக் கொள்கை வகுத்த நகரம் இது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 7ஆக இருந்த குறைபாடுகளின் பட்டியலை 21ஆக்கி, பார்க்கின்சனையும் அதில் சேர்த்தது. அடையாள அட்டை வாங்கலாம். அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எங்கே நடப்பது?

சிகிச்சைப் பக்கம் நிலைமை தேவலை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பிசியோதெரபியும் வீடு தேடி வருகிறது. கே.கே. நகரில் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது, கிண்டியில் முதியோருக்கென்றே மருத்துவமனை வந்துவிட்டது. ஆனால் பிசியோ கற்றுக்கொடுத்த நடையைத் தினமும் நடந்தால்தானே அது காலில் நிற்கும்? கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே எத்தனை நாள் நடப்பது?

கருங்கல் பாவிய கோயில் பிராகாரத்தில் நான் ஒட்டிக்கொள்வது அபூர்வம். கல்லுக்குக் கல் இணைப்புக் கோடு தெரிகிறது, தரை மட்டமாக இருக்கிறது, களைத்தால் உட்காரத் திண்ணை இருக்கிறது, வண்டி வராது. இந்த நாலும்தான் தெருவிலும் வேண்டும். வார்டுக்கு ஒரு தெருவாவது, 200 மீட்டருக்கு, சமமான தரை. 50 மீட்டருக்கு ஒரு சிமென்ட் பெஞ்ச், எழுந்திருக்கத் தோதாகக் கைப்பிடியோடு. காலை ஆறரையிலிருந்து எட்டு வரை அதில் வண்டி நிறுத்தத் தடை. குறுக்கே வெள்ளைக் கோடுகள். முதல் வேலையாக, கார் சரிவை வீட்டு கேட்டுக்கு உள்ளே தள்ளிக் கட்டச் சொல்ல வேண்டும். அதற்கு எதிர்ப்பு வரும், அண்டை வீட்டாரோடு மனஸ்தாபம் வரும். வரட்டும்.

அடுத்த பகுதி சபைக் கூட்டத்துக்கு மனு தயார். இந்த நோயில் எழுத்து எறும்பு ஊர்வது போல் சிறுத்துவிடும் என்பதால், பேத்தி டைப் அடித்துக் கொடுத்திருக்கிறாள். டீச்சரும் தையல்காரரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். கார் வைத்திருக்கிறவர்களில் ஒருவராவது போட்டால் மனுவுக்குக் கனம் கூடும். இந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீடுகளுக்குத்தான் போகிறேன்.