நிவாரணம் நடந்து வருவோர்க்கு மட்டுமோ?

நல்லதண்ணிக்குச் செல்வோர் பெரும்பாலும் சிவனொளிபாதமலையையே நினைந்து செல்வர். அம்மலையடித் தோட்டங்களின் லயங்களில் வாழ்வோரை நினைப்பவர் சிலரே. அவருள்ளும் கால் வழங்காதோரையும் கண்பார்வையற்றோரையும் செவி கேளாதோரையும் நினைப்பவர் மிகச் சிலர்.

2014 ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்து லயங்களை மண் மூடியது. மலைநாட்டில் மண் சரியுங்கால், விரைந்து வெளியேற இயலாதவர்க்கே ஆபத்து மிகுதி. பின்னர் வரும் உதவியும் வரிசையில் நிற்க வல்லார்க்கே முதலிற் கிட்டுகின்றது. யாவர்க்கும் ஒரே அளவான பொதி வழங்குதல் நீதியெனக் கூறுவாருளர். பொதி வழங்கும் இடத்துக்கு வரவியலாதவர்க்கு அந்நீதியால் யாது பயன்?

மாற்றுத்திறனாளர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்றுறுதி செய்தது. இடர்க்காலத்தில் அவர்களைக் காத்தல் அரசின் கடன் என அதன் 11ஆம் உறுப்புரை விதிக்கின்றது. விதி ஏட்டளவில் நின்றாற் போதாது. லயந்தோறும் எவரை எவர் அழைத்துச் செல்வது என்பது மழைக்கு முன்னரே, அவர்களையே கலந்து, முடிவு செய்யப்படல் வேண்டும். படிகளும் செங்குத்துப் பாதைகளும் நிறைந்த தோட்டத்திற் சக்கர நாற்காலி மட்டும் உதவாது. தோள் கொடுப்போரும் வேண்டும். எச்சரிக்கை ஒலியாகவும் ஒளியாகவும் வருதல் வேண்டும். முகாமில் அவர்கள் பிறர் துணையின்றிச் செல்லத்தக்க மலசலகூடம் வேண்டும்.

பழைய மாணவர்காள்! இடருற்ற தோட்டங்களுக்கு உதவி திரட்டுதல் நமக்குப் புதிதன்று. அதனை வழங்கும் முறையே மாறுதல் வேண்டும். நாம் கொண்டு செல்லும் முதற்பொதி, வரவியலாதவர் வாயிலுக்கே செல்வதாக.