மருந்து இருக்கிறது, மருத்துவன் எங்கே?

தோழா!

மருந்தின்றி மக்கள் மடிந்த காலம் ஒன்று உண்டு. மருந்து மலையெனக் குவிந்திருந்தும், அதை எழுதித்தரப் பழகிய கை இல்லாமல் நோயாளி வாடும் காலமும் உண்டா என்று கேட்பாய். உண்டு! செல்வம் கொழிக்கும் அமெரிக்காவில், அந்தக் காலத்தை வருந்தி அழைத்திடும் திட்டமொன்று தீட்டப்பட்டது.

கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டு மேடையேறியவன் நான். மருத்துவம் பேச இவனுக்கென்ன அருகதை என்று சிலர் கேட்கக்கூடும். நான் பேச வந்தது பணம் பற்றி. வரவு செலவுக் கணக்கைப் படிக்கப் பட்டம் எதற்கு?

இந்தியானா மாநிலத்துச் சிறுவன் ரயன் வைட். குருதி உறையாமை நோய்க்கு ஏற்றிய மருந்தின் வழியே அவன் உடலில் எச்.ஐ.வி. புகுந்தது. 1984இல், 13 வயதில், நோய் தெரிந்தது. மறு ஆண்டு பள்ளிக்கூடம் அவனுக்குக் கதவடைத்தது. 1990 ஏப்ரலில், 18 வயதில், மறைந்தான். அதே ஆண்டு ஆகஸ்டில் அவன் பெயரால் சட்டம் பிறந்தது. ஏழை எச்.ஐ.வி. நோயாளிக்கு மருத்துவம், அம்மருத்துவத்தைச் செய்வோருக்குப் பயிற்சி மையங்கள். 1987லேயே அரும்பிய பயிற்சிப் பணி, இச்சட்டத்தின் நிழலில் வளர்ந்தது.

2024ஆம் நிதியாண்டில் ரயன் வைட் திட்டத்துக்குக் கிடைத்தது சுமார் 257 கோடி டாலர். அதில் பயிற்சி மையங்களின் பங்கு சுமார் 3 கோடியே 49 லட்சம். நூறு டாலருக்கு ஒன்றரை டாலர்கூட இல்லை! இதையும் அடியோடு நீக்கலாம் என்றுதான் 2026ஆம் நிதியாண்டுக்காக வெள்ளை மாளிகை 2025இல் முன்மொழிந்தது.

"படித்துப் பட்டம் பெற்றவர்தாமே மருத்துவர், தனிப் பயிற்சி ஏன்?" என்பார்கள். கேள், தோழா! 1980களில் எய்ட்ஸ் நோயாளிகள் படுக்கைகளை நிறைத்தனர். பயிற்சி மருத்துவர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் அந்நோயைக் கற்றார். 1996இல் கூட்டு மருந்து வந்தது, படுக்கைகள் காலியாயின, நோயாளி எழுந்து நடந்தார். மகிழ்ச்சி! ஆனால் பாடமும் அவரோடு எழுந்து, புறநோயாளர் பிரிவுக்குப் போய்விட்டது. பயிற்சி மருத்துவரோ வார்டிலேயே நிற்கிறார். ஏன்? அவர் சம்பளத்தில் பெரும்பகுதி மெடிகேர் மூலம் மருத்துவமனைக்கு வருகிறது. மருத்துவமனைக்கு அவர் வார்டில் வேண்டும். அந்த நிதி தாங்கும் பயிற்சி இடங்களுக்கும் 1997இல் உச்சவரம்பு கட்டிவிட்டார்கள். புறநோயாளர் பிரிவில், ஒரே எச்.ஐ.வி. நோயாளியை மூன்றாண்டுகள் தொடர்ந்து பார்த்துக் கற்பதற்கு யார் பணம் தருவது? இந்த இடைவெளியை அடைக்கத்தானே அந்த ஒன்றரை டாலர்!

தடுப்பு மாத்திரை 2012இல் ஒப்புதல் பெற்றது. ஆண்டுக்கு இருமுறை போட்டால் போதும் என்ற லெனகாபவிர் தடுப்பு ஊசி 2025 ஜூனில் வந்தது. இவற்றைத் தருமுன் தொற்று இல்லையென்று சோதித்தறிய வேண்டும். அந்தரங்க வாழ்வைக் கூசாமல், கடியாமல், விசாரிக்க வேண்டும். (ஒப்பனை போட்ட நடிகனுக்கே ஒத்திகை வேண்டியிருக்கிறது!) புதுத் தொற்றுகளில் ஏறத்தாழப் பாதி தென் மாநிலங்களில் நேர்கின்றன, அங்கே சிற்றூர்க் குடும்ப மருத்துவரை விட்டால் நோயாளிக்கு நாதியேது?

பயிற்சியில் இருப்பவர் என்ன சாதிப்பார் என்று ஏளனம் செய்வோர் சென்னைக்குத் திரும்பிப் பார்க்கட்டும். 1986இல், இந்தியாவில் எச்.ஐ.வி. நுழைந்துவிட்டதென முதன்முதலில் காட்டிய ஆய்வு யாருடையது? சுனிதி சாலமன் வழிகாட்ட, சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் முதுநிலை மாணவியாக இருந்த செல்லப்பன் நிர்மலா, பட்ட ஆய்வேட்டுக்காகத் திரட்டிய குருதி மாதிரிகள்தாம் அவை!

சிக்கனம் என்கிறார்கள். 257 கோடியை மருத்துவத்துக்கென வைத்துக்கொண்டு, மருத்துவம் கற்பிக்கும் 3 கோடியே 49 லட்சத்தில் கத்தரியை வைப்பதா சிக்கனம்? மிசிசிப்பியின் ஒரு சிற்றூரில், சோதனை முடிவை மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்கும் இளைஞனிடம், "உன் மருந்து வந்துவிட்டது, தம்பி, ஆனால் எங்கள் மருத்துவருக்கு அதைப் பற்றித் தெரியாது" என்று போய்ச் சொல்ல, திட்டம் தீட்டியவர்களில் யார் தயார்?