பந்துக்குப் பொன் முலாம்

ராஜ குடும்பங்களுக்கும் நவீனக் கலை மீது மோகம் பிறந்துவிட்டதாம்! பழைய பாணி அலுத்து, இக்காலக் கலைஞர்களைக் கொண்டு முடியும் நகையும் செய்து பூணுகிறார்களாம். ஆகவே முடியாட்சியும் காலத்தோடு முன்னேறிவிட்டது என்று முதலாளித்துவப் பத்திரிகைகள் பூரிக்கின்றன. இந்த முன்னேற்றத்தின் லட்சணத்தை 1969-லேயே வேல்ஸ் மக்கள் கண்டார்கள்.

அவ்வாண்டு ஜூலை 1-ம் தேதி, இன்றைய பிரிட்டிஷ் மன்னர் சார்லசுக்கு வேல்ஸ் இளவரசராக முடிசூட்டினார்கள். இடம், கார்னார்வன் கோட்டை. வேல்ஸை வென்றடக்கிய முதலாம் எட்வர்ட் கட்டிய அதே கோட்டை! பழைய முடியோ கையில் இல்லை. 1936-ல் அரியணை துறந்த எட்டாம் எட்வர்ட் அதையும் எடுத்துக்கொண்டு வெளிநாடு போய்விட்டார். (ஏழை ஒரு கூடை கரி எடுத்தால் அதற்குப் பெயர் திருட்டு.) எனவே லண்டன் பொற்கொல்லர் சங்கம் புது முடி ஒன்றை அன்பளித்தது. பெயரைக் கண்டு பட்டறைத் தொழிலாளர் சங்கம் என்று மயங்க வேண்டாம். அது பழம்பெரும் செல்வர் சபை.

முடியைச் செய்தவர் லூயி ஆஸ்மன். மின்சாரத்தால் தங்கத்தைப் படியவைத்து உருவாக்கினார். உச்சியிலுள்ள உருண்டைக்குள் இருப்பது என்ன? மேஜைப் பந்தாட்டப் பந்து! அதன்மீது பொன் முலாம். முலாத்தின்மீது இளவரசரின் விருச்சிக ராசி வடிவில் வைரங்கள். விஞ்ஞானமும் ஜோசியமும் ஒரே தலையில்! கலைஞரின் கைத்திறனை நாம் குறைகூறவில்லை. அத்தகைய கைகளுக்கு இதைவிட நல்ல வேலை தர அந்தச் சமுதாயத்துக்குத் தெரியவில்லையே என்றுதான் கேட்கிறோம்.

அதே வேல்ஸில், தெற்கே, அபர்ஃபான் என்ற சுரங்கத் தொழிலாளர் கிராமம். 1966 அக்டோபர் 21-ம் தேதி காலை, மலைமேல் கொட்டி வைத்திருந்த சுரங்கக் கழிவு சரிந்து பள்ளிக்கூடத்தை மூடியது. மாண்டவர் 144 பேர். அவர்களில் 116 பேர் குழந்தைகள். குற்றம் தேசிய நிலக்கரி வாரியத்துடையது என்று விசாரணை மன்றமே கூறியது. எஞ்சிய கழிவு மேடுகளை அகற்றுங்கள் என்று பெற்றோர் மன்றாடினர். 'தொழிற்' கட்சி அரசாங்கம் என்ன செய்தது? பொதுமக்கள் அனுப்பிய நிவாரண நிதியிலிருந்தே 1968-ல் ஒன்றரை லட்சம் பவுனை அச்செலவுக்குக் கறந்தது. அப்போது வேல்ஸ் மந்திரி ஜார்ஜ் தாமஸ். மறு ஆண்டு கோட்டை விழாவில் முன்நின்றவரும் அவரே.

அந்த ஒன்றரை லட்சம் 1997-ல்தான் திரும்பி வந்தது. வட்டி ஒரு காசும் இல்லை. பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோரில் பலர் அதற்குள் கண்மூடிவிட்டிருந்தனர்.