கூரைக்குப் பதில் சொல்ல ஒருவர் வேண்டும்



உங்கள் பாடசாலையில் சிரமதானத்துக்கு நாள் குறித்திருக்கிறீர்களா? கூரையில் ஏறிக் கம்பி பிரஷால் பாசி தேய்ப்பதும் அன்றைய வேலைகளில் ஒன்றாக இருந்தால், அதை மட்டும் தயவுசெய்து நிறுத்திவையுங்கள். புல் வெட்டலாம், சுவருக்கு வெள்ளை அடிக்கலாம், கிணறு இறைக்கலாம். கூரை அஸ்பெஸ்டஸ் சீற் என்றால் அதைத் தொட வேண்டாம்.

நாங்கள் மலையகத்திலும் வடக்கிலும் பிள்ளைகளை அரச பாடசாலைகளுக்கு அனுப்பும் பெற்றோர். எங்களோடு ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சிலரும், இளவயதிலிருந்தே கூரை வேலை செய்துவந்த மேசன்மாரும் இருக்கிறார்கள். எந்தக் கட்சியும் எங்கள் பின்னால் இல்லை. சீற்றுக்குப் பதிலாக வேறு எதையும் விற்பவர்களும் அல்ல. இதைச் சொல்லவேண்டியிருக்கிறது, ஏனென்றால் கூரையைப் பற்றி யார் வாய் திறந்தாலும் முதலில் வருவது அந்தச் சந்தேகம்தான்.

நெளிநெளியான அந்தச் சாம்பல் நிறத் தகட்டில் பெரும்பங்கு சீமெந்து. ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு கிறிசோடைல் எனப்படும் வெள்ளைக் கல்நார். கல்நார், அதாவது அஸ்பெஸ்டஸ், என்பது கல்லாகவும் நாராகவும் இருக்கும் கனிமம். அதன் நார் நீளவாக்கில் பிளந்துகொண்டே போகும்; கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லிதான பிறகும் பிளக்கும். மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலின் அடிவரை இறங்கித் தங்கிவிடும். வெள்ளை, நீலம், பழுப்பு என எந்த வகைக் கல்நாரும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் ஐயமின்றி வகைப்படுத்தியிருக்கிறது. நுரையீரல் புற்றுநோய், குரல்வளைப் புற்றுநோய், நுரையீரலைச் சுற்றியுள்ள படலத்தில் வரும் மீசோதெலியோமா ஆகியவை அதில் அடங்கும். சுவாசித்த நாளுக்கும் நோய் வெளிப்படும் நாளுக்கும் இடையில் இருபது, முப்பது, நாற்பது ஆண்டுகள் கழிந்துவிடும். அதனால்தான் இதற்கு யாரும் அவசரப்படுவதில்லை. இன்றைய அதிபரும் பணிப்பாளரும் அமைச்சரும் அப்போது ஓய்வூதியத்தில் இருப்பார்கள்.

சிறுவரின் நிலை இன்னும் மோசம். பிரித்தானிய அரசுக்கு ஆலோசனை வழங்கும் புற்றுநோய்க் காரணிகள் பற்றிய குழு 2013இல் இதைக் கணக்கிட்டுச் சொன்னது. ஒரே அளவு தூசியை ஐந்து வயதில் சுவாசிக்கத் தொடங்கும் பிள்ளைக்கும் முப்பது வயதில் தொடங்கும் ஒருவருக்கும் மீசோதெலியோமா வரும் வாய்ப்பை ஒப்பிட்டால், பிள்ளைக்கு அது ஏறக்குறைய ஐந்து மடங்கு. பிள்ளையின் நுரையீரல் எளிதில் பழுதாகும் என்பதற்காக அல்ல. அந்த நோய் முற்றுவதற்குத் தேவையான ஆயுள் அவர்களுக்குத்தான் மீதமிருக்கிறது.

பயமுறுத்துவது எங்கள் நோக்கம் இல்லை. ஆகவே மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறோம். உடையாமல், துளைக்காமல், தேய்க்காமல் இருக்கும் சீற்றின் கீழே உட்கார்ந்து படித்ததற்காக ஒரு பிள்ளைக்கு நாளை நோய் வந்துவிடாது. சீமெந்து பிடித்துவைத்திருக்கும்வரை நார் பெரிதாக வெளியே வருவதில்லை. சீற் விற்பவர்கள் இதைத்தான் திரும்பத்திரும்பச் சொல்கிறார்கள். அந்த அளவில் அது பொய்யும் இல்லை.

ஆனால் எந்தப் பாடசாலைக் கூரை உடையாமல் இருக்கிறது? மைதானத்துப் பந்து விழுகிறது, தேங்காய் விழுகிறது, காற்றுக்குப் பலாக்கிளை முறிந்து விழுகிறது. மலையகத்தில் குரங்குக் கூட்டம் கூரைக்குக் கூரை தாவும்போது ஒவ்வொரு தாவலுக்கும் ஒரு விரிசல். மின்விசிறி மாட்ட வருபவர் ட்றில் போடுகிறார். வகுப்பைப் பெரிதாக்க வருபவர் கிரைண்டரால் அறுக்கிறார். வெள்ளைத் தூசி மேசை கதிரை எல்லாம் படிகிறது. அடுத்த நாள் காலையில் பிள்ளைகளே விளக்குமாறு எடுத்துக் கூட்டுகிறார்கள். உடைந்த துண்டுகள் பாடசாலையின் பின்புறம் குவிகின்றன. மழைக்காலத்தில் சேற்றுப் பாதைக்கு மேல் அவற்றைப் போட்டு நடக்கிறோம். பூப்பாத்திக்கு வரம்பு கட்டுகிறோம். நல்லதாகக் கழன்ற சீற் ஒரு வறிய வீட்டின் குசினிக் கூரையாகிறது. கொடுத்தவர் புண்ணியம் செய்ததாக நினைக்கிறார், வாங்கியவரும் அப்படியே.

கம்பி பிரஷ் பற்றி முதலிலேயே சொன்னதற்குக் காரணம் இதுதான். வெயிலிலும் மழையிலும் சீமெந்து தேய்ந்து நார் தலைநீட்டி நிற்பது சீற்றின் மேற்புறத்தில்தான். பாசியோடு சேர்த்து நாம் சுரண்டுவது அதை.

இந்த நாட்டு அரசுக்கு இதெல்லாம் தெரியாது என்று எண்ண வேண்டாம். மிகக் கொடிய வகையான நீலக் கல்நார் 1987இலேயே இங்கே தடைசெய்யப்பட்டது. வெள்ளைக் கல்நார் இறக்குமதியையும் 2018 ஜனவரி முதல் கட்டுப்படுத்தி, 2024க்குள் முற்றாக விலக்குவது என்று பின்னர் அறிவிக்கப்பட்டது. அதன்படி நடந்திருந்தால் இந்த வேண்டுகோளில் பாதி தேவைப்பட்டிருக்காது.

நடந்தது வேறு. 2017 டிசம்பர் நடுப்பகுதியில் ரஷ்யா இலங்கைத் தேயிலையை இறக்குமதி செய்வதை நிறுத்தியது. தேயிலைப் பொதி ஒன்றில் தானியங்களைத் தின்னும் வண்டு ஒன்று கிடைத்ததாம். உலகிலேயே அதிகமாகக் கல்நார் தோண்டும் நாடு ரஷ்யா. நம் தேயிலையை அதிகமாக வாங்கும் நாடுகளிலும் ஒன்று. சில நாட்களுக்குள் கொழும்பு தன் கல்நார்க் கட்டுப்பாட்டைத் தள்ளிவைத்தது. ஆண்டு முடிவதற்குள் தேயிலைக்கான தடையும் நீங்கியது. இரண்டுக்கும் தொடர்பில்லை என்று நம்ப விரும்புபவர்கள் நம்பட்டும். தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் தாய்க்குக் கணக்கு தெரியும். அவள் பறித்த தேயிலையைப் பணயம் வைத்து, அவள் பிள்ளையின் வகுப்பறைக்கு மேல் எந்தக் கூரை தொடர்ந்து வரும் என்பது முடிவாயிற்று. நாட்டுக்கு அந்நியச் செலாவணி வேண்டும் என்பதை நாங்கள் மறுக்கவில்லை. அந்த வியாபாரத்தின் விலையை யார் தலையில் வைத்தார்கள் என்பதை மட்டும் கேட்கிறோம்.

இனி எங்கள் கோரிக்கை. எல்லாக் கூரையையும் நாளைக்கே பிடுங்குங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. அவசரத்தில் உடைத்துப் பிடுங்குவது விட்டுவைப்பதைவிடக் கெடுதல். நாங்கள் கேட்பது மேற்பார்வை. எந்தப் பாடசாலையில், எந்தக் கட்டடத்தில் அஸ்பெஸ்டஸ் இருக்கிறது, எந்த நிலையில் இருக்கிறது, கடைசியாக யார் ஏறிப் பார்த்தார் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். அந்தப் பதிவேடு அதிபரின் அலுவலகத்தில், பெற்றோர் கேட்டவுடன் எடுத்துக்காட்டக்கூடியதாக இருக்க வேண்டும். நாங்கள் போய்வந்த பாடசாலைகளில் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

இது நடக்காத காரியம் இல்லை. அமெரிக்காவில் 1986இல் பாடசாலைகளுக்கென்றே ஒரு சட்டம் வந்தது. கல்நார் உள்ள ஒவ்வொரு பாடசாலையும் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுபரிசோதனை செய்ய வேண்டும். ஆறு மாதங்களுக்கு ஒருமுறை நிலையைப் பார்க்க வேண்டும். பொறுப்பாக ஒருவரை நியமிக்க வேண்டும். திட்ட அறிக்கையைப் பாடசாலையில் வைத்திருந்து, அது இருப்பதை ஆண்டுதோறும் பெற்றோருக்குத் தெரிவிக்க வேண்டும். சட்டம் வந்ததோடு முடிந்ததா என்றால், இல்லை. 1993இல் நியூயோர்க் நகரில், முன்பு செய்த பரிசோதனைகளை நம்பவே முடியாது என்று தெரியவந்து, ஏறத்தாழ ஆயிரம் அரச பாடசாலைகள் குறித்த நாளில் திறக்கப்படவில்லை. 2018இல் அந்நாட்டுச் சூழல் பாதுகாப்பு நிறுவனத்தின் உள்ளகக் கண்காணிப்பாளரே தன் நிறுவனத்தைக் குறைகூறினார். 2011 முதல் 2015 வரை நடந்த பாடசாலைப் பரிசோதனைகளில் 13 சதவீதத்தை மட்டுமே நிறுவனம் செய்திருந்தது. மீதியெல்லாம் மாநிலங்கள் செய்தவை. பத்துப் பிராந்திய அலுவலகங்களில் ஐந்து, யாராவது முறைப்பாடு செய்தால் மட்டுமே போய்ப் பார்த்தன. எழுதிவைத்த சட்டம் தானாக ஏணி எடுத்துக் கூரையில் ஏறாது.

எங்கள் நிலைமை அதைவிடச் சிக்கலானது. தேசிய பாடசாலைகள் மத்திய அமைச்சின் கீழ். மிகப் பெரும்பான்மையான மற்றப் பாடசாலைகள் மாகாணத்தின் கீழ். கிழக்கு மாகாண சபையின் காலம் 2017இல் முடிந்தது. வடக்கு, மத்திய மாகாண சபைகளின் காலம் 2018இல் முடிந்தது. அதற்குப் பிறகு, இதை எழுதும்வரை தேர்தல் நடக்கவில்லை. கூரையைப் பற்றிச் சபையில் எழுந்து கேட்க, நாம் வாக்களித்து அனுப்பிய உறுப்பினர் ஒருவர்கூட இல்லை. கல்வி வலயத்திடம் கேட்டால் மாகாணத்தைக் காட்டுகிறார்கள். மாகாணத்திடம் கேட்டால் நிதி இல்லை என்கிறார்கள். சுகாதாரத்தைக் கேட்டால் கட்டடம் கல்விக்குரியது, சுற்றாடலைக் கேட்டால் அகற்றிய பிறகு வாருங்கள். ஆகவே முதலில் கேட்பது ஒரு பெயரையும் பதவியையும்: ஒவ்வொரு வலயத்திலும் இந்தக் கூரைகளுக்குப் பொறுப்பான ஓர் உத்தியோகத்தர். அவருடைய கையெழுத்து இல்லாமல் யாரும் ஏறவும் துளைக்கவும் அகற்றவும் கூடாது. அகற்றும் வேலை விடுமுறையில் நடக்க வேண்டும்: நனைத்து, உடைக்காமல் கழற்றி, கையால் இறக்கி, தடித்த பொலித்தீனில் சுற்றி, எங்கே புதைப்பது என்று முன்கூட்டியே தீர்மானித்து. கழன்ற சீற் ஏலத்துக்கும் போகக் கூடாது, தானமாகவும் போகக் கூடாது. புதிதாகக் கட்டும் எந்தப் பாடசாலைக் கட்டடத்தின் மதிப்பீட்டிலும் அஸ்பெஸ்டஸ் இடம்பெறக் கூடாது. ஓடு இருக்கிறது, கல்நார் கலக்காத சீற்றும் சந்தையில் கிடைக்கிறது. செலவு கூடும் என்பது உண்மைதான்.

வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்களுக்கு ஒரு தனி வார்த்தை. ஊர்ப் பாடசாலைக்கு மண்டபம் கட்டவும் கூரை மாற்றவும் நீங்கள் அனுப்பும் காசு பெரிய உதவி. இலண்டனில் இருப்பவருக்கு 1999 முதலும், ரொறன்ரோவில் இருப்பவருக்கு 2018இன் இறுதி முதலும் இந்தச் சீற் சட்டப்படி கிடைக்காது. அங்கே உங்கள் பிள்ளையின் வகுப்பறைக்குப் போட முடியாததை இங்கே போட உங்கள் காசு போகிறதா என்று மதிப்பீட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். திறப்புவிழாக் கல்லில் பெயர் பொறிப்பதற்கு முன்னர் இது ஒரு கேள்விதானே.

இங்கே இருப்பவர்கள் இந்த மாதமே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வலயக் கல்வி அலுவலகத்தின் தகவல் அலுவலருக்கு விண்ணப்பம் கொடுங்கள். தமிழிலேயே எழுதலாம், ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. வலயத்தின் எந்தெந்தப் பாடசாலைக் கட்டடங்களுக்கு அஸ்பெஸ்டஸ் கூரை இருக்கிறது, அவற்றின் நிலை கடைசியாக எப்போது பரிசோதிக்கப்பட்டது, கடந்த ஐந்து ஆண்டுகளில் கழற்றிய சீற் எங்கே போனது, இந்த ஆண்டு ஒப்புதல் பெற்ற கட்டடங்களின் கூரைக்கு என்ன பொருள் குறிப்பிடப்பட்டிருக்கிறது என்று கேளுங்கள். ஒரு பாடசாலைக்கு ஒருவராவது கொடுத்தால் போதும். 14 வேலைநாட்களுக்குள் அவர் முடிவைத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதற்கு மேல் ஆணைக்குழு. தகவல் இல்லை என்று பதில் வந்தாலும் அந்தக் கடிதத்தைக் கிழித்துவிடாதீர்கள். பிரதி எடுத்துப் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் வாசித்து, கூட்டக் குறிப்பில் பதியச் செய்து, ஒரு பிரதியை ஆளுநருக்கும் இன்னொன்றைப் பிரதேச சபைத் தவிசாளருக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
மலையக, வடபகுதிப் பாடசாலைப் பெற்றோரும் ஆசிரியர்களும்